ராத்திரி வந்த பதில்

கேள்வி: என் நாத்தனார் மகளின் வளைகாப்புக்கு அம்மா அதிரசமும் முறுக்கும் தன் கையால் சுட்டு எடுத்து வந்தார். சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்திருந்த இடத்தில், எல்லார் முன்னாலும் நாத்தனார், “கடையில வாங்கியிருந்தாலாவது வாயில வைக்கிற மாதிரி இருந்திருக்கும்” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போதுதான், “கடையில வாங்க காசு போதும் அண்ணி, கையால செய்யத்தான் மனசு வேணும்” என்ற பதில் வந்தது. இப்போது போன் போட்டுச் சொல்லிவிடவா? எனக்கு மட்டும் ஏன் சமயத்தில் வாய் வருவதில்லை? சமயோசித புத்தியை வளர்த்துக்கொள்ள வழி உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: போன் போடுங்கள். ஆனால் அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகப் போடாதீர்கள்.

அது நல்ல வாக்கியம், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த இடத்துக்கும் அந்த நிமிஷத்துக்கும் உரியது. தட்டு கண்ணெதிரே இருக்க வேண்டும், சிரித்த நாலு பேரும் நிற்க வேண்டும், நாத்தனார் வாயை மூடுவதற்குள் சொல்லியிருக்க வேண்டும். போனில் சொன்னால் என்ன நடக்கும்? “எதைச் சொல்ற?” என்பார். நீங்கள் வளைகாப்பிலிருந்து கதையைத் தொடங்குவீர்கள். “அதையா இன்னும் மனசுல வெச்சிருக்க?” என்பார். குத்திப் பேசியவர் பெருந்தன்மைக்காரர் ஆகிவிடுவார், குத்து வாங்கிய நீங்கள் சின்னப் புத்திக்காரி ஆகிவிடுவீர்கள்.

சமயத்தில் வாய் வராதது உங்களுக்கு மட்டும் இல்லை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில் இதே குறையைச் சொல்லி வருந்துகிறார். பேச்சையெல்லாம் தபாலில் நடத்தலாம் என்றால் தான் நன்றாகவே பேசிவிடுவேன் என்கிறார். சவாய் நாட்டுப் பிரபு ஒருவர் பாரிஸ் வியாபாரி ஒருவருக்குச் சொல்ல வேண்டிய வசையை, ஊர் திரும்பும் வழியில் நினைவு வந்து, திரும்பி நின்று கத்தினாராம். அதைப் படித்ததும் ‘இதோ நான்’ என்று தோன்றியதாக எழுதுகிறார்.

அவர் காலத்துப் பிரெஞ்சு எழுத்தாளர் தீதரோவின் அனுபவம் உங்களுடையதற்கு இன்னும் நெருக்கம். பாரிஸில் நெக்கேர் என்பவர் வீட்டு விருந்து. எழுத்தாளர்கள் பலர் இருந்த இடம். அங்கே மார்மோந்தெல், தீதரோவுக்குப் பிரியமான நண்பர்தான், அக்கால எழுத்தாளர்களான வோல்தேரையும் செதேனையும் வைத்துக் கிண்டலாக ஒரு வார்த்தை போட்டார். “ஒரு சோகக் கதையைக் கேட்டாலே கலங்கிப்போகிற வோல்தேர் சாதாரண ஆள், நண்பன் கண்ணெதிரே அழும்போதும் அசையாமல் நிற்கிற செதேன் மேதை, அப்படித்தானே?” என்கிற மாதிரி. தீதரோ பேச்சற்றுப் போனார். ஏன் என்று பிறகு அவரே ஒரு நூலில் எழுதினார்: உணர்ச்சியுள்ள மனிதன் எதிராளி சொன்ன சொல்லுக்குள்ளேயே முழுக்க மூழ்கிவிடுகிறான், தலை குழம்பிவிடுகிறது, மாடிப்படியின் அடிக்கு வந்த பிறகுதான் தெளிகிறான். அங்கே என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்பதையும் அதே இடத்தில் எழுதிவைத்தார். அவர் இறந்தது 1784-இல். அந்த நூல் அச்சானது 1830-இல்.

அவர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது. அந்தச் சொல் உங்கள் அம்மாவைத் தொட்டதால்தான் உங்களுக்கு வாயடைத்தது. யாரோ மூன்றாம் மனுஷியின் முறுக்கைச் சொல்லியிருந்தால் பதில் அங்கேயே வந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பூசி மெழுக நான் தயாரில்லை. நம் வீடுகளில் பெண்பிள்ளை பேசத் தொடங்கிய நாளிலிருந்து ‘எதிர்த்துப் பேசாதே’ என்றே வளர்க்கிறோம். தம்பி பதிலுக்குப் பதில் சொன்னால் கெட்டிக்காரன், அக்கா சொன்னால் வாயாடி. மருமகளாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். இப்படி அடக்கியே பழக்கிய வாய், சீர்த்தட்டு முன்னால் மட்டும் திடீரென்று எப்படித் திறக்கும்? இதைப் புத்திக் குறைவு என்று நீங்கள் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்வது அநியாயம்.

அப்புறம், சமயோசிதம் என்று நாம் வாய் பிளக்கிற பலதும் அந்தச் சமயத்தில் பிறந்ததே இல்லை. வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு எதிராக 1787-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முழங்கிய ஷெரிடனைப் பாருங்கள். நாடகாசிரியர், பேச்சில் மின்னல் என்று பெயர் வாங்கியவர். டண்டாஸ் என்ற உறுப்பினரைப் பற்றி, ‘நகைச்சுவைக்கு ஞாபகசக்தியை நம்புகிறார், தகவலுக்குக் கற்பனையை நம்புகிறார்’ என்று போகிறபோக்கில் சொல்வது போலச் சபையில் சொன்னார். ஷெரிடன் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1825-இல், தாமஸ் மூர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஷெரிடனின் காகிதங்களைக் குடைந்தபோது இதே வரி அங்கே கிடந்தது. ஒரு தடவை இல்லை. ஞாபகத்தை முதலில் வைத்து ஒன்று, கற்பனையை முதலில் வைத்து ஒன்று, நீட்டி, சுருக்கி என்று அடித்தும் திருத்தியும் பார்த்திருக்கிறார். யார் தலையில் இறக்குவது என்று தெரியாமலேயே செய்து முடித்து, ஆள் வருவதற்காகக் காத்திருந்தார். டண்டாஸ் வந்து மாட்டினார்.

சர்ச்சில் கதையும் தெரிந்திருக்கும். “நான் உங்கள் மனைவியாக இருந்தால் காபியில் விஷம் கலப்பேன்” என்று ஆஸ்டர் சீமாட்டி சொல்ல, “நான் உங்கள் கணவனாக இருந்தால் குடித்துவிடுவேன்” என்று அவர் சொன்னதாகப் பட்டிமன்றம்தோறும் கேட்கிறோம். அதே துணுக்கு 1900-க்கு முன்பே அமெரிக்கப் பத்திரிகைகளில், யார் பெயரும் இல்லாமல் வந்துவிட்டது. ஊரில் உலவிய நகைச்சுவையைப் பெரிய மனிதர் கணக்கில் எழுதிவிட்டார்கள். இந்த மாதிரிக் கதைகளோடு உங்களை ஒப்பிட்டு நோகாதீர்கள்.

வளர்த்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. வள்ளுவரே அவையஞ்சாமையில் சொல்கிறார்:

“ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா
மாற்றங் கொடுத்தற் பொருட்டு.”

அஞ்சாமல் பதில் கொடுக்க வேண்டுமானால் முன்கூட்டியே கற்க வேண்டும் என்கிறார், அதைப் பிறவி வரம் என்று சொல்லவில்லை. ஆனால் பரிமேலழகர் உரையையும் சேர்த்துப் படியுங்கள். வேற்று அரசர் சபையில் நிற்கும் அமைச்சருக்குச் சொன்னது அது, அவர் கற்க வேண்டியது அளவை நூல், அதாவது தர்க்க நூல் என்கிறார். நாத்தனார் வீட்டுக் கூடம் வேற்று அரசர் சபை இல்லை. அங்கே அவரை மடக்கினால், நாலு பேர் இந்த முறை உங்கள் பக்கம் சிரிப்பார்கள். அவர் அடுத்த விசேஷத்துக்குத் தயாராகி வருவார். அந்த ஆட்டத்தில் உங்கள் அம்மாவுக்கு என்ன கிடைக்கும்?

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய இடம் இதுதான். அம்மா சுட்டு எடுத்து வந்தார் என்று தொடங்குகிறீர்கள். அதன்பிறகு கடிதத்தில் அவரைக் காணோம். நாத்தனார் சொன்னது அவர் காதில் விழுந்ததா? அவர் எங்கே நின்றார்? பஸ் ஏறும்போது என்ன சொன்னார்? ஒரு வரி இல்லை. மிச்சமெல்லாம் உங்களுக்கு ஏன் வாய் வரவில்லை என்பதுதான். (உங்கள் கணவர் அங்கே இருந்தாரா என்றும் நீங்கள் எழுதவில்லை. இருந்தும் வாய் திறக்கவில்லை என்றால் அவரிடமும் பேச வேண்டியிருக்கிறது.)

அன்றைக்குத் தேவைப்பட்டது நச்சென்ற வாக்கியமே இல்லை. “அண்ணி, அது எங்கம்மா செஞ்சது. அப்படிச் சொல்லாதீங்க.” இவ்வளவுதான். இதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. அதனால்தான் இது பழசாகவும் ஆகாது. அன்று சொன்னாலும் சரி, பத்து நாள் கழித்துச் சொன்னாலும் சரி, இதன் நியாயம் குறையாது. இனி ஒருமுறை இப்படி நடந்து தலை குழம்பினால், “என்ன சொன்னீங்க அண்ணி?” என்று மட்டும் கேளுங்கள். நாலு பேர் முன்னால் அதையே திரும்பச் சொல்ல முக்கால்வாசிப் பேருக்குத் துணிவு வராது. சொன்னாலும், உங்களுக்கு மூச்சுவிட அவகாசம் கிடைக்கும்.

முதல் போன் அம்மாவுக்கு. “அன்னைக்கு நான் பேசியிருக்கணும்மா” என்று சொல்லுங்கள். அதற்கு அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள், குறுக்கே சமாதானம் சொல்லாதீர்கள். நாத்தனாருக்குப் போன் அதன்பிறகு. நலம் விசாரித்துவிட்டு, “அன்னைக்கு அம்மா கொண்டு வந்ததைப் பத்தி நீங்க சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு அண்ணி” என்று நேராகச் சொல்லுங்கள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்பார். “சரி அண்ணி, அதை அம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்று சொல்லி, அம்மாவின் நம்பரை அனுப்பிவையுங்கள்.