பவளத் தொட்டியில் பால் நிறத் தண்ணீர்

கேள்வி: பவள உயிரிகள் வளர்க்கும் என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் காரத்தன்மை 6 டி.கே.எச். (காரத்தன்மையின் அலகு), கால்சியம் 380, மெக்னீசியம் 1100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஆப்ப சோடாவும் கால்சியம் குளோரைடும் போட்டாலும் அளவு ஏறவில்லை. தண்ணீர் வெளுக்கிறது, ஹீட்டரில் வெள்ளையாகப் படிகிறது. ஏன்?

பதில்: நீங்கள் போடுவது கால்சியம் கார்பனேட்டாகி ஹீட்டரில் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் படிகம் வளராமல் தடுப்பது மெக்னீசியம். உங்களிடம் குறைவது அதுதான்.

முதலில் உப்பின் அளவைப் பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு காட்டும் கருவி) 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் சரிசெய்து அளந்து பார்த்து, உப்பு 30 என்று வந்தால் காரத்தன்மை, கால்சியம், மெக்னீசியம் மூன்றும் சேர்ந்தே குறைந்திருக்கும். உப்பை மெல்ல 35-க்குக் கொண்டுவந்து மறுபடி அளந்தால், பாதி வேலை முடிந்திருக்கும்.

உப்பு சரியாக இருந்தால், மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் நாளுக்கு 84 கிராம் வீதம் நான்கு நாள், ஆர்.ஓ. நீரில் கரைத்து ஊற்றுங்கள். மெக்னீசியம் 1300 எட்டும். கல், மணல் போக நிஜத் தண்ணீர் 160 லிட்டர்தான் என்றால் எல்லா அளவையும் ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பிறகுதான் ஆப்ப சோடா: நாளுக்கு 6 கிராம், இரண்டு நாள், காரத்தன்மை 8-க்கு வரும். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது. கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் மொத்தம் 29 கிராம் போட்டால் கால்சியம் 420. இதையும் இரண்டு நாளாகப் பிரியுங்கள். சோடா காலையில் என்றால் இது மாலையில். இரண்டையும் பம்ப் நீர் வேகமாகப் பாயும் இடத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஹீட்டரில் படிந்ததை, கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.