கயிறு வீசினால் போதுமா?

அன்புள்ள அண்ணா,

ஏழாவது படிக்கும் என் மகன் தெர்மாகோலில் எச்எச்-52ஏ சீகார்ட் ஹெலிகாப்டர் செய்துகொண்டிருக்கிறான். அமெரிக்கக் கடலோரக் காவல் படையினுடையது, கடலில் இறங்கி மிதக்குமாம், அவர்கள் வாங்கியதே 99தானாம். நல்ல வண்டியை ஏன் ஓரங்கட்டினார்கள்? நம்மிடம் ஏன் இல்லை? எனக்கென்னவோ, மேலேயிருந்து கயிறு விட்டால் பிடித்துக்கொண்டு ஏறிவிடப் போகிறார்கள், தண்ணீரில் இறங்குவானேன் என்று தோன்றுகிறது.

கே., தண்டையார்பேட்டை

அன்புள்ள கே.,

கடைசி வரியை எழுதும் முன் ஒருநடை காசிமேடு போய் யாரையாவது கேட்டிருக்கலாம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மார்கழி, வாடைக்காற்று. துறைமுக வாய்க்கு வெளியே மாமாவின் போட்டிலிருந்து தவறி விழுந்தேன். நீச்சல் தெரியும். ஆனால் போட்டு சுற்றி வருவதற்குள் வயிறு முட்ட உப்புத்தண்ணீர். கயிறு என் தோள்மேலேயே வந்து விழுந்தது. "புடிடா சோமாறி!" என்று மாமா கத்தியதும் கேட்டது. விரல்தான் மடங்கவில்லை. இன்னொரு தடவை வீசினார்கள். அப்போதும் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாமா விளிம்பில் குப்புறப் படுத்து என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். கயிறு என்பது தெம்பு இருப்பவனுக்கு, தம்பி.

1983 பிப்ரவரியில் வர்ஜீனியா கரைக்கு அப்பால் 'மரைன் எலெக்ட்ரிக்' என்ற நிலக்கரிக் கப்பல் மூழ்கியது. கப்பலில் 34 பேர். ஹெலிகாப்டர் வந்து கூடையை இறக்கியது. கண்ணெதிரே கூடை. குளிரில் விறைத்த கைகளால் அதில் ஏற முடியவில்லை. பிழைத்தவர்கள் மூன்றே பேர். கூடையில் ஏறத் தெரியாதவர்களா அவர்கள்? கப்பல்காரர்கள்!

உங்கள் மகனின் சீகார்ட் என் மாமா செய்ததைச் செய்தது. அடிப்பாகம் படகு, இரண்டு பக்கமும் மிதவை. அலை அனுமதித்தால் தண்ணீரிலேயே உட்காரும். கதவுக்கு வெளியே ஒரு தட்டு மடிந்து விரியும். ஆள் அதில் இறங்கி, தத்தளிப்பவனைக் கையால் இழுத்துப் போடுவான். 1963 முதல் 1989 வரை 15,000க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

ஓரங்கட்டியதற்குக் காரணமா? ஒற்றை எஞ்சின், வயதும் ஆகிவிட்டது. பின்னால் வந்த டால்ஃபின் ஹெலிகாப்டருக்கு இரண்டு எஞ்சின், ஆனால் படகு வயிறு கிடையாது. அந்த நிலக்கரிக் கப்பல் சாவுகளுக்குப் பிறகுதான் ஹெலிகாப்டரிலிருந்து நீச்சல் வீரனைக் கடலில் இறக்கும் முறையை அந்தப் படை கொண்டுவந்தது. வண்டி இறங்காவிட்டால் மனிதன் இறங்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

நம்மிடம் இல்லையென்று யார் சொன்னது? நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டரை ஒருமுறை கீழேயிருந்து பாருங்கள், அதே படகு வயிறு. அதை விடுங்கள்.

பையனைக் கேட்டதாகச் சொல்லுங்கள். தெர்மாகோலைக் கத்தியால் ராவினால் பொரிந்து உதிரும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டும். வலப்பக்கக் கதவுக்குக் கீழே அந்தத் தட்டை மறந்துவிடப்போகிறான். ஐஸ் குச்சி இரண்டு போதும்.