இறக்கத்தில்தான் டென்ஷனருக்குச் சோதனை

கேள்வி: சைக்கிளுக்கு சின்ன எஞ்சின் பூட்டியிருக்கிறேன். செயின் தொய்வை எடுக்கும் சின்ன உருளையான டென்ஷனரை எவ்வளவு இறுக்கினாலும் செயின் கழன்றுவிடுகிறது. என்ன செய்யலாம், ஐயா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, முதலில் டென்ஷனரைக் கழற்றி வையுங்கள். செயின் கோணலை அது சரிசெய்யாது. பின் பல்சக்கரத்திலிருந்து எஞ்சின் பல்சக்கரம் வரை நூல் பிடித்துப் பாருங்கள், இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சக்கரம் சுற்றும்போது பின் பல்சக்கரம் ஆடினால், அதன் போல்ட்டுகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்புறம் செயினில் மிச்சமுள்ள கண்ணிகளை எடுத்துவிடுங்கள். நடுவில் அரை அங்குல ஆட்டம் போதும். அதற்குப் பிறகு டென்ஷனரைத் திரும்பப் பூட்டுங்கள்.

ஏற்றத்தில் மேல் செயின்தான் இழுபடும். டென்ஷனர் தாங்கும் கீழ்ச் செயின் தொய்வாக இருக்கும். கியரில் விட்டபடி எஞ்சின் பிடிப்பில் இறங்கும்போது இது தலைகீழ். கீழ்ச் செயின் விறைத்து டென்ஷனரை உதைக்கும், அதைச் சைக்கிள் சட்டத்தோடு சேர்க்கும் பிடி சுழன்று, டென்ஷனர் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும். ரதல்ல இறக்கத்தில் எனக்கு அப்படித்தான் பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. முழங்கை எலும்பு தெரிய விழுந்தேன். அன்றிலிருந்து பிடிக்கு அடியில் பழைய டியூப் துண்டு வைத்துத்தான் இறுக்குகிறேன். நீங்களும் அதைச் செய்யாமல் நானுஓயாப் பக்கம் ஏறாதீர்கள்.