‘மூன்று வருடத்தில் உங்களுக்கே சொந்தம்’ என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள்

கேள்வி: நானும் தம்பியும் தென்னாப்பிரிக்காவில், டர்பனிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் கல்யாணம், காவடி, அரங்கேற்றம் என்று வீடியோ எடுத்துக் கொடுக்கிறோம். போன வருடம் கம்பெனியாகப் பதிவு செய்தோம். வருட வரவு 7 லட்சம் ராண்டுக்குள், வாட் பதிவு இல்லை. பழைய கம்ப்யூட்டர் 4கே எடிட்டிங் தாங்கவில்லை. புது எடிட்டிங் கம்ப்யூட்டர், மானிட்டர், இரண்டு கேமரா, ஹார்ட் டிஸ்க்குகள் சேர்த்து ரொக்க விலை வாட் உட்பட 1,45,000 ராண்ட். எங்களைத் தேடி வந்த ஒரு சேல்ஸ்மேன், மாதம் 5,200 வீதம் 36 மாதம் வாடகை கட்டுங்கள், அப்புறம் எல்லாம் உங்களுக்கே என்கிறார். திங்கட்கிழமை தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான், நான் போடவில்லை. பொருள் இன்னும் வரவில்லை. வாடகையா, சொந்தமா?

பதில்: நீங்கள் கையெழுத்துப் போட வேண்டாம். தம்பி போட்டதற்கு என்ன செய்வது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கு நாள் குறைவாக இருக்கிறது, ஆகவே முழுவதும் படித்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது: வாடகை வருடத்துக்கு 10 சதவீதம் ஏறும், வாட் தனி. அதோடு கணக்குப் போட்டால் முதல் வருடம் 62,400, அடுத்தது 68,640, மூன்றாவது 75,504, ஆக 2,06,544; அதன்மேல் 15 சதவீத வாட் சேர்ந்தால் 2,37,500 ராண்டைத் தாண்டுகிறது. வாட் பதிவு இல்லாததால் அந்த வரியைத் திரும்பக் கேட்கவும் முடியாது. ரொக்க விலையைவிட 92,000-க்கு மேல் அதிகம் கட்டுகிறீர்கள், கட்டி முடித்தபிறகும் பொருள் உங்களுடையது ஆவதில்லை.

ஆமாம், ஆவதில்லை. பொருட்கள் எந்த நேரத்திலும் வாடகைக்கு விடுபவருக்கே சொந்தம், காலம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று தாள் சொல்கிறது. தாளில் இல்லாத வாய்ப்பேச்சு எதுவும் ஒப்பந்தத்தில் சேராது என்றும் இன்னொரு வரி இருக்கிறது. சேல்ஸ்மேன் வாயால் சொன்னதை நம்பி நீதிமன்றத்துக்குப் போனால், எழுதியதற்கு நேர்மாறான பேச்சை அங்கே சாதாரணமாக ஏற்கமாட்டார்கள்.

அப்படியானால் அந்த ஒரு வரியை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டத்தில், அசையும் பொருளை வட்டியோ கட்டணமோ சேர்த்துத் தவணையில் வாடகைக்குக் கொடுத்து, கடைசியில் அது வாடிக்கையாளருக்கே சொந்தமாகும் என்று இருந்தால்தான் அது கடன் ஒப்பந்தம். சொந்தமாகாது என்றால் வெறும் வாடகை, அந்தச் சட்டம் எட்டிக்கூடப் பார்க்காது. எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்கள் கடன் கொடுப்பவராகப் பதிவு செய்திருக்க வேண்டும், ஐந்து வேலை நாள் செல்லுபடியாகும் விலைக் குறிப்பை முன்கூட்டியே தர வேண்டும், வழக்குப் போடுமுன் முறைப்படி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உங்கள் கம்பெனியின் வரவும் சொத்தும் 10 லட்சத்துக்குக் கீழே, தொகையும் 2,50,000-க்குக் கீழே, ஆகவே இவையெல்லாம் உங்களுக்கும் கிடைக்கும். (வட்டி உச்சவரம்பு போன்ற சில பாதுகாப்புகள் கம்பெனிகளுக்குக் கிடையாது.)

கம்பெனியாகப் பதிவு செய்ததில் நன்மை உண்டு, ஆனால் இங்கே ஒன்றை இழக்கிறீர்கள். சொந்தப் பெயரில் தொழில் செய்பவர் இப்படி ஒரு ஒப்பந்தத்தை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, 20 வேலை நாள் எழுத்துமூல நோட்டீஸ் கொடுத்து, நியாயமான ஒரு ரத்துக் கட்டணத்தோடு முடித்துக்கொள்ளலாம். இரண்டு கம்பெனிகளுக்கு இடையில் அந்தப் பிரிவு பொருந்தாது. ஆகவே 36 மாதம் என்றால் 36 மாதம்தான்.

இதைவிட எனக்குக் கவலை கடைசிப் பக்கம். கம்பெனி கட்டாவிட்டால் நானே கட்டுகிறேன் என்று இயக்குநர் சொந்த முறையில் ஜாமீன் நிற்கும் பக்கம் அது. தொகைக்கு வரம்பு போடவில்லை. முதலில் கம்பெனியிடம் வசூலிக்கக் கேட்கும் உரிமையையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். அதில் கையெழுத்து விழுந்தால் கம்பெனியாகப் பதிவு செய்தது எதற்கு? அவர்கள் நேரே உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுங்கள், மறுத்தால் தொகையை எண்ணால் எழுதி வரம்பு கட்டுங்கள்.

பொருள் திருடுபோனாலும் எரிந்தாலும் வாடகை நிற்காது என்றும் ஒரு வரி. 2021 ஜூலையில் டர்பனில் கடைகள் சூறையாடப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். கலவரச் சேதத்தைச் சாதாரண காப்பீடு ஏற்பதில்லை, அதற்கு சாஸ்ரியா என்ற அரசுக் கலவரக் காப்பீட்டைச் சேர்த்திருக்க வேண்டும். வாங்கினாலும் வாடகைக்கு எடுத்தாலும் அதைக் கேட்டுப் போடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? கேமராவையும் கம்ப்யூட்டரையும் வாங்குங்கள், கையில் இருப்பதை முன்பணமாகக் கொடுத்து மீதிக்கு வங்கித் தவணை போடுங்கள். கடைசித் தவணை வரை உரிமை வங்கியிடம் இருந்தாலும் அது முடிந்ததும் பொருள் உங்களுடையது. தைப்பூசம் மாதிரி நாளுக்கு மூன்றாவது கேமரா வேண்டுமென்றால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் வாடகைக்கு எடுங்கள். வரியில், 7,000 ராண்டுக்குக் கீழே உள்ள சாமானை அந்த வருடமே முழுதாகக் கழிக்கலாம். சிறு தொழில் கம்பெனிக்கான தகுதி இருந்தால் மற்றவற்றை 50, 30, 20 சதவீதமாக மூன்று வருடத்தில் கழிக்கலாம். தகுதி உண்டா என்று கணக்கரிடம் கேளுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எக்காரணம் கொண்டும் வாடகைக்கு எடுக்காதீர்கள். ஒரு பெண்ணின் கல்யாணப் படம் முழுவதும் அதில் இருக்கும்போது வாடகை பாக்கி என்று வண்டியோடு வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி அந்தப் படங்களுக்கு நீங்கள்தான் பொறுப்பு. நீதிமன்ற உத்தரவு இல்லாமல் யாரும் உங்கள் கடையிலிருந்து எதையும் பலவந்தமாக எடுத்துப்போக முடியாது. உத்தரவைக் கேளுங்கள், ‘நானாகவே ஒப்படைக்கிறேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது தம்பியின் கையெழுத்து. அவரும் இயக்குநர் என்பதால் ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் என்று அவர்கள் வாதாடுவார்கள், அதில் பலமும் உண்டு. ஆனால் சேல்ஸ்மேன் தானாக உங்களைத் தேடி வந்து விற்றார், உங்கள் வரவும் சொத்தும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே. இப்படிப்பட்ட நேரடி விற்பனையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல், அபராதம் இல்லாமல் ரத்துசெய்ய விடுகிறது. பொருள் பிறகு வந்தால் வந்த நாளிலிருந்து எண்ணலாம், ஆனால் அதற்குக் காத்திருக்காதீர்கள். உங்கள் வரவு 20 லட்சத்துக்கு மேல் என்று உறுதிமொழி வாங்கும் ஒரு கட்டம் படிவத்தில் இருக்கிறதா, தம்பி அதில் டிக் அடித்தாரா என்று பாருங்கள். அடித்திருந்தால் அது தவறு என்பதையும் கடிதத்தில் சேர்த்து, 16-ஆம் பிரிவின்படி ரத்துசெய்கிறோம் என்று தேதி போட்டு இன்றே இமெயிலில் அனுப்புங்கள். கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் எடுக்க வங்கியில் தம்பி கொடுத்த டெபிட் ஆர்டரையும் அதே நாளில் நிறுத்தச் சொல்லுங்கள்.