ஆணை வந்த பிறகு "திருப்பிக் கொடுப்பது" என்று ஒன்று இல்லை

கேள்வி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்): பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். திருமணமாகிப் பல ஆண்டுகள் குழந்தை இல்லாததால் காராவில் (தத்தெடுப்பை நடத்தும் மத்திய ஆணையம்) பதிவு செய்து, ஆந்திராவில் உள்ள ஒரு நிறுவனத்திலிருந்து ஏழு வயதுப் பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். வீட்டுக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. சோற்றைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைக்கிறாள், கோபம் வந்தால் கடிக்கிறாள், பொய் சொல்கிறாள், தமிழ் பாதிதான் வருகிறது. இவளை முன்பு ஒரு குடும்பம் எடுத்துப் போய்த் திருப்பி விட்டது என்று இப்போதுதான் தெரிகிறது. நிறுவனம் மறைத்துவிட்டது. நஷ்டஈடு கேட்டு என் கணவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார். குழந்தையை அங்கேயே விட்டுவிடலாம், இல்லையென்றால் உடுமலைப்பேட்டையில் குழந்தையில்லாத என் நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்கிறார் மாமியார். தத்தெடுத்தவர்களுக்கு அரசாங்க உதவி ஏதாவது உண்டா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால் பங்கு, மாமியார் என்ன சொன்னார், ஊரார் என்ன பேசினார்கள், நிறுவனத்துக்காரர்கள் தொலைபேசியில் எப்படி எரிந்து விழுந்தார்கள் என்பதைப் பற்றியது. அவற்றைக் கொண்டு எந்த அதிகாரியும் எதையும் முடிவு செய்யப் போவதில்லை என்பதால் அந்தப் பக்கங்களை நான் ஒதுக்கி வைத்துவிட்டேன். நீங்கள் இணைத்திருந்த தாள்களில் ஒன்றுதான் உங்கள் வழக்கு: நிறுவனம் இருக்கும் மாவட்டத்தின் ஆட்சியர் கையொப்பமிட்ட தத்து ஆணை.

2022 செப்டம்பர் 1-க்கு முன் இந்த ஆணையை நீதிமன்றம் கொடுத்தது; அதன் பிறகு மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார். யார் கொடுத்தாலும் விளைவு ஒன்றுதான். சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 63-ஆம் பிரிவின்படி, ஆணை பிறந்த தேதியிலிருந்து அந்தக் குழந்தை உங்களுக்கே பிறந்த குழந்தை. ஆணைக்கு முன்னால், வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் நாட்களில், குழந்தையும் குடும்பமும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏற்பாட்டை முறித்துக்கொள்ளும் வாசல் திறந்திருக்கிறது. முன்பு அவளை எடுத்துச் சென்ற குடும்பம் அந்த வாசல் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறது. உங்களுக்கு அது சாத்தப்பட்டுவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது ஆணையையே ரத்து செய்யக் கோரும் விண்ணப்பம் மட்டும்; அதில் பார்க்கப்படுவது குழந்தையின் நலனே தவிர உங்கள் அலுப்பு அல்ல. நீங்கள் உதவி கேட்டீர்களா, கேட்டும் கிடைக்கவில்லையா என்பதுதான் அங்கே எழும் முதல் கேள்வியாக இருக்கும். உங்களிடம் இன்றைக்கு அதற்கு விடை இல்லை.

ஆகவே நிறுவனத்தின் வாசலில் அவளை விட்டுவிட்டு வருவதைப் பற்றி வீட்டில் யாரும் இனிப் பேச வேண்டாம். பெற்ற குழந்தையை விட்டுவிட்டு வந்தால் என்னவோ அதுதான் இதுவும். சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில், குழந்தையைக் கைவிடுவதற்கு மூன்று ஆண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ இரண்டுமோ உண்டு. தன் சக்திக்கு மீறிய நிலைமையால் கைவிட்டவருக்கு அதே பிரிவு ஒரு சலுகை தருகிறது. ஆனால் அந்தச் சலுகை பெற்ற தாய் தந்தைக்கு என்றுதான் வாசகத்தில் இருக்கிறது. தத்துப் பெற்றோர் அதற்குள் நுழைவது கடினம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையை அறவே கைவிடும் நோக்கத்தோடு விட்டுச் செல்லும் பெற்றோருக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 93-ஆம் பிரிவு ஏழு ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

நாத்தனார் யோசனை இதைவிட மோசமானது. முத்திரைத்தாளில் எழுதி, பெரியவர்களை வைத்துக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று இந்த எல்லைப் பகுதியில் இன்றும் நம்புகிறார்கள். இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன் 10-ஆம் பிரிவின்படி, ஏற்கெனவே தத்தெடுக்கப்பட்ட குழந்தையை மறுபடி தத்தெடுக்க முடியாது. சொந்தத்துக்குள்தானே என்பதும் எடுபடாது. அந்தத் தாளை நம்பி நாத்தனார் அவளை உடுமலைப்பேட்டைப் பள்ளியில் சேர்க்கப் போனால், ஆதாரில் உங்கள் பெயர், பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர், கூட வந்திருப்பது வேறொருத்தி. தலைமையாசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைப்பார். அழைப்பதுதான் அவர் கடமையும்கூட. அதற்குள் செலவுக்கு என்று ஏதாவது பணம் கைமாறியிருந்தால், குழந்தையை விற்றது, வாங்கியது என்று சிறார் நீதிச் சட்டத்தின் 81-ஆம் பிரிவு வரும். அதில் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல். விடுதியில் சேர்த்துவிட்டு ஆறு மாதம் எட்டிப் பார்க்காமல் இருந்த ஒரு குடும்பத்துக்காக நான் ஆஜராகியிருக்கிறேன். விடுதிக் காப்பாளர் புகார் செய்ய, வேறு மாநிலத்துக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் அவர்கள் மாதக்கணக்கில் நடந்தார்கள்.

அடுத்து, நிறுவனம் மறைத்தது என்ற குற்றச்சாட்டு. நீங்களே அனுப்பிய குழந்தை ஆய்வறிக்கையின் மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "முந்தைய ஒப்படைப்பு முறிந்தது" என்று ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்தப் பக்கத்தின் அடியில் உங்கள் கையொப்பமும் உங்கள் கணவரின் கையொப்பமும் இருக்கின்றன. 48 மணி நேரத்துக்குள் குழந்தையைத் தங்களுக்கென்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும் என்ற பதற்றத்தில் யாரும் மூன்றாம் பக்கம் வரை வாசிப்பதில்லை. ஆனால் ஒதுக்கிய பிறகு, நேரில் பார்த்து, மருத்துவக் கருத்தும் வாங்கி ஏற்றுக்கொள்ள முப்பது நாள் கிடைக்கிறது. அந்த முப்பது நாளில் கேட்காத கேள்வியை இப்போது நஷ்டஈடாக மாற்ற முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் தத்து என்பது சேவையா, நீங்கள் நுகர்வோரா என்ற வாதத்திலேயே காலம் போய்விடும். போதாததற்கு, அந்தப் பெண்ணின் ஆய்வறிக்கையும் மருத்துவ அறிக்கையும் வழக்குச் சான்றாவணங்களாகிவிடும். பதினெட்டு வயதானதும் தன் வேரைத் தேட விண்ணப்பிக்கும் உரிமை அவளுக்கு உண்டு. அப்படித் தேடும்போது, தன்னைக் குறையுள்ள பொருளாகச் சொல்லி அப்பா நஷ்டஈடு கேட்ட மனுவையும் அவள் வாசிக்க நேரலாம்.

இனி, நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். இதுவரை சமூகப் பணியாளர் இரண்டு முறை வந்து போயிருக்கிறார். இரண்டு பின்தொடர் அறிக்கைகளிலும் "குழந்தை நன்றாகப் பொருந்திவிட்டாள், பெற்றோர் மகிழ்ச்சியாக உள்ளனர்" என்ற பொருளில் எழுதி, நீங்கள் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் குழந்தையைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அப்போது பயம். இப்போது அவர்களே எடுத்துக்கொள்ளட்டும் என்று கோபம். தத்துப் பெற்றோர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் இந்த நிலையில்தான் வருகிறார்கள். பணியாளர் வரும் நாளில் வீடு கழுவி, குழந்தைக்குப் புது கவுன் போட்டு, பாயசம் வைத்து, "ஒரு குறையும் இல்லீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தக் காகிதம் புகைப்படத்தோடு காராவின் இணையதளத்தில் ஏறிவிடும். பிறகு ஒருநாள் விவகாரம் முற்றி அதிகாரிகளின் முன்னால் நிற்கும்போது, "முதல் மாதத்திலிருந்தே கஷ்டப்பட்டோம், யாரும் உதவவில்லை" என்று சொன்னால், அந்த அறிக்கையை எடுத்து மேசையில் வைப்பார்கள். அப்போது நீங்கள் அன்றைக்குப் பொய் சொன்னீர்கள் என்று ஆகும், அல்லது இன்றைக்குச் சொல்வது பொய் என்று ஆகும். வக்கீலுக்கு இரண்டுமே பாரம்தான்.

ஏனென்றால் உதவி என்று சட்டம் வைத்திருப்பது முழுவதும் இந்தப் பின்தொடர் பார்வையோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. 2022-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்படி, குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்வையிட்டு அறிக்கை எழுத வேண்டும். ஆணைத் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு என்று நீங்கள் கணக்குப் போட்டிருப்பது தவறு. உங்களுக்கு மீதி இருப்பது பத்து மாதம். ஒத்துப்போவதில் சிக்கல் இருந்தால் குழந்தைக்கும் பெற்றோருக்கும் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதோ, மாவட்ட, மாநில அளவில் உள்ள ஆலோசனை வசதியோடு இணைத்துவிடுவதோ நிறுவனத்தின் அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் கடமை. தத்தெடுப்புக்கு முன்னும் பின்னும் முறையான உளவியல் ஆலோசனை கிடைக்கச் செய்யும்படி 2025 ஜூலையில் காரா எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே அலுவலகத்தில் யாராவது "அதெல்லாம் ஆணை வந்ததோடு முடிந்தது" என்று சொன்னால் நம்ப வேண்டாம். சிக்கல் இருக்கிறது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அந்தக் கடமை உயிர் பெறும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணமாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் என்று நீங்கள் கேள்விப்பட்டது, வறுமையாலோ பெற்றோரின் இழப்பாலோ நோயாலோ குழந்தை இல்லத்துக்குப் போய்விடக் கூடாது என்று கொடுக்கப்படும் ஆதரவுத் தொகை. தத்தெடுத்தவர் என்ற காரணத்துக்காகக் கிடைப்பது அல்ல. ஆணைக்குப் பிறகு நீங்கள் மற்றப் பெற்றோரைப் போன்றவர்கள். மற்றப் பெற்றோருக்கு உள்ள வசதிகள் உங்களுக்கும் உண்டு. படிப்பில் பின்தங்குகிறாள் என்றால் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டார வள மையத்தில், அதாவது உங்கள் பக்கத்தில் பி.ஆர்.சி. என்கிறார்களே அங்கே, சிறப்பு ஆசிரியரைக் கேளுங்கள். வளர்ச்சியிலோ நடத்தையிலோ ஐயம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பரிசோதிக்கலாம். இரவில் உங்களுக்கே தாங்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. சோற்றை ஒளித்து வைப்பதை நீங்கள் திருட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது என்ன என்பதை ஆலோசகர் சொல்லட்டும். ஆனால் விடுதிகளில் வளர்ந்த குழந்தைகளைப் பார்த்துப் பழகிய யாரும் அதைத் திருட்டு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு வரியை எழுதிவிட்டு வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: கடித்தபோது உங்கள் கணவர் "ஒருமுறை கை நீட்டிவிட்டார்". கடிதம் முழுவதிலும் சட்டப்படி அபாயமான வரி இதுதான். 75-ஆம் பிரிவில் கைவிடுதலும் அடித்தலும் ஒரே வரிசையில் வருகின்றன. முதுகில் ஒரு தடத்தை வகுப்பாசிரியை பார்த்துவிட்டால், நிறுவனத்தின் மீது நீங்கள் கொடுத்த புகார் எல்லாம் பின்னால் போய், விசாரணை உங்கள் கணவர் மீது திரும்பிவிடும். இனி அது நடக்கவே கூடாது. நடந்ததை ஆலோசகரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. நிறுவனத்தோடு சமாதானமாகப் போங்கள். நோட்டீஸைத் திரும்பப் பெறுவதாக எழுதி, அதற்குப் பதிலாகப் பணம் கேட்காமல் உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவதைக் கேளுங்கள்: அவளுடைய தடுப்பூசி, மருத்துவ, பள்ளிப் பதிவுகளின் முழு நகல், முந்தைய ஒப்படைப்பு ஏன் முறிந்தது என்பதற்கான குறிப்பு, அங்கே அவளை வளர்த்த பணியாளர் வாரம் ஒரு முறை காணொளியில் அவளோடு தெலுங்கில் பேசுவது, தெலுங்கு தெரிந்த ஆலோசகர் ஒருவரின் அமர்வுகள். வழக்கில் ஜெயித்தாலும் இவற்றில் ஒன்றுகூட உங்களுக்குக் கிடைக்காது. நோட்டீஸ் போன கோபத்தில் இருக்கும் நிறுவனம் சமாதானத்துக்கு இறங்கி வரும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் ஒரே குழந்தை இரண்டாம் முறையும் திரும்பி வந்தது என்ற பதிவு அவர்களுக்கும் நல்லது அல்ல. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்குப் பஞ்சமில்லையே; ஏழு ஆண்டு பேசிய மொழியில் பேச ஒரு பாட்டியைக்கூட இதுவரை தேடிப் பார்க்கவில்லையா என்பதும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பாலக்காட்டில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு இந்த வாரமே ஒரு மனு கொடுங்கள். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழில் எழுத இடம் தருகிறது; இருந்தாலும் மொழிபெயர்ப்புக்கு என்று மனு எங்கேயாவது ஒரு மேசையில் தூங்காமல் இருக்க, மலையாளப் பிரதி ஒன்றையும் இணைத்துவிடுங்கள். மாமியாரையும் ஊரையும் அதில் எழுத வேண்டாம். என்ன நடத்தை, எப்போதிலிருந்து, முந்தைய இரண்டு அறிக்கைகளில் ஏன் சொல்லவில்லை, என்ன உதவி வேண்டும் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் போதும். "குழந்தையை வைத்துக்கொள்ள விருப்பமில்லை" என்ற வாசகம் கோபத்தில்கூட அதில் இடம்பெறக் கூடாது. மனுவை நேரில் கொடுத்து, உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பதினெட்டாம் மாதத்தில் சமூகப் பணியாளர் வரும்போது அந்த நகலை அவரிடம் காட்டி, மூன்றாம் அறிக்கையில் அதைக் குறிப்பிடச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.