பில்லை ஜீரோ ஆக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் சொந்த வீடு. இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் வரை ஓடி, கரண்ட் பில் 6,000 ரூபாயை ஒட்டி வருகிறது. சீட்டு எடுத்த 2 லட்சம் கையில் இருக்கிறது. 5 கிலோவாட் சோலார், பேட்டரியோடு நாலரை லட்சம், பில்லே வராது என்கிறார்கள். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாங்க. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

பில்லை ஜீரோ ஆக்கணும் என்ற ஆசைதான் உங்களை நாலரை லட்சம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. நம்ம ஊரில் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கடுத்த யூனிட்டுகளும் மலிவு, ஆனால் 500-ஐத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து ரேட் ஏறும், 800-க்கு மேல் ஓடுகிற ஒவ்வொரு யூனிட்டும் 10 ரூபாய்க்கும் அதிகம். ஆகவே வெட்ட வேண்டியது மேல்தட்டு யூனிட்டுகளைத்தான், அடியில் இருப்பதைக் குறைக்கச் செலவழிப்பது வீண்.

முதலில் பேனை மாற்றுங்க. பழைய சீலிங் பேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி பேன், அதாவது கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டார் பேன், 30 வாட் சுமாருக்கு ஓடும். நாலு பேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் குறையும், அதுவும் ரேட் அதிகமான யூனிட்டுகள் என்பதால் பில்லில் 1,300 ரூபாய்க்கு மேல் இறங்கும். நாலுக்கும் சேர்த்து 12,000 ரூபாய் ஆகலாம், ஒன்றரை வருஷத்துக்குள் எடுத்துவிடலாம். இவ்வளவு வேகமாகப் போட்ட பணம் திரும்புகிற முதலீடு எனக்கு வேறெதுவும் தெரியாது.

அப்புறம் சோலார். 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் கொடுக்கும். பேன் மாற்றிய பின் உங்கள் 770 யூனிட்டில், 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து 290-தான் பில்லில் நிற்கும், அதற்கு யூனிட் கட்டணம் 700 ரூபாய்க்குள் வரும். 2 கிலோவாட்டுக்குச் சுமார் 1.3 லட்சம் செலவு, பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 60,000 மானியம், கையிலிருந்து போவது 70,000. மூன்று வருஷத்தில் திரும்பிவிடும். மூன்றாவது கிலோவாட்டுக்கு மானியம் 18,000 மட்டுமே, மிச்சமாவதும் அந்த 700-க்குள் உள்ள பணம்தான், அதற்குப் போட்ட பணம் திரும்ப பத்து வருஷமாவது ஆகும். நாலாவது, ஐந்தாவதுக்குக் கூடுதல் மானியமே இல்லை, 78,000-தான் உச்சவரம்பு. பின் எதற்கு 5 கிலோவாட்?

பேட்டரியும் உங்களுக்குத் தேவையில்லை. ஈபி லைனிலிருந்து எடுப்பதையும் அதற்குக் கொடுப்பதையும் கணக்கு வைக்கும் நெட் மீட்டர் இருந்தால் பகலில் மிஞ்சுவது லைனுக்குப் போய்க் கணக்கில் கழியும். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்க, கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்கிறவர் பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். மின்வெட்டுக்குச் சின்ன இன்வெர்ட்டர் போதும்.

பக்கத்தில் தறிக்குத் தனி ஈபி இணைப்பு இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீங்க, விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம், அது தனி. ஆனால் பஞ்சுத் தூசி பேனலில் படியும், காலையில் வெயில் ஏறுமுன் தண்ணீர் அடித்துக் கழுவணும். தென்னை நிழல் விழாத இடமாக 200 சதுர அடி வேண்டும்.

மானியம் வேலை முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும், முதலில் முழுப் பணமும் நீங்கள்தான் கொடுக்கணும், அதற்குச் சீட்டுப் பணமே போதும். மானியமும் வந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும், அதை வங்கியில் போட்டு வையுங்க. பதிவு செய்த நிறுவனம்தானா, உள்நாட்டில் செய்த சோலார் செல் உள்ள பேனல்தானா என்று கொட்டேஷனில் எழுதி வாங்குங்க, இல்லாவிட்டால் மானியம் கிடைக்காது. ஈபி இணைப்பு உங்கள் பெயரில் இல்லாமல் வேறொருவர் பெயரில் இருந்தால், யாருக்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பெயர் மாற்றத்துக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்க.