ஆத்தூரைத் தாண்டும்போது

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். எனக்குக் கோலத்திலும் சுவர் ஓவியத்திலும் ஆர்வம் அதிகம். மூன்று வருடங்களாக ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினத்தன்று எங்கள் தெருவை அடைத்துப் பெரிய கோலம் போடுகிறோம். நடுவில் 'என் வாக்கு விற்பனைக்கு அல்ல', சுற்றிலும் குழந்தைகளின் கைத்தடம். காம்பவுண்டு சுவரில் மை வைத்த விரல் வரைந்திருக்கிறோம். நாளிதழில் படம் வந்தது, பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது. மாமனார் காலமான பிறகு ஆறு வருடமாக எங்களோடு இருக்கும் அத்தைதான் (77 வயது) புள்ளி வைத்துத் தருவார். ஆனால் என் 19 வயது மகள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கவே மறுக்கிறாள். "ஒரு ஓட்டால என்னம்மா ஆகப்போகுது? அதான் கோலம் போட்டாச்சுல்ல, போதும்" என்று முகத்தில் அடித்தாற்போல் பேசுகிறாள். நானும் கணவரும் ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை. 2024-ல் ஏற்காடு போக அறை பதிவு செய்திருந்தும், காலை ஏழு மணிக்கே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினோம். (அத்தைக்கு இன்னும் ஊரில்தான் ஓட்டு, ஆத்தூர் பக்கம். ஆத்தூரைத் தாண்டும்போது கொஞ்சம் முகம் வாடியிருந்தார். மற்றபடி பயணம் நன்றாகவே இருந்தது.) மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

— வாசகி, சென்னை-42

பதில்: உங்கள் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் மூன்று வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ஏழு மணிக்கு வரிசை. எட்டுக்குக் கிளம்பியிருப்பீர்கள். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, அங்கே சேலம் சாலையில் திரும்பிக் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர். வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டிருந்தாலும் மதியம் இரண்டு, இரண்டரைக்குள் ஆத்தூர் வந்திருக்கும். 2024 ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு மாலை ஆறு மணி வரை. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குள் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணி? முக்கால் மணி? கார் இருந்தது, நேரம் இருந்தது, அத்தையும் காருக்குள்ளேயே இருந்தார்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்களுக்கு இது தெரிந்திருக்காது. ஆத்தூர் சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ஏற்காடும் அதே கள்ளக்குறிச்சிக்குள்தான். அத்தையின் சொந்தத் தொகுதியிலேயே போய்த் தங்கி ஏரியில் படகுச் சவாரி செய்திருக்கிறீர்கள், அதுவும் வாக்குப்பதிவு நாளில். அவர் விரலில் மட்டும் மை இல்லை.

அன்றைக்கு உங்கள் கணவருக்கு அலுவலகம் விடுமுறை கொடுத்தது எதற்கு? மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி பிரிவு: ஓட்டுப் போடுவதற்காகச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும். அந்த விடுமுறையில் மலையேறப் போனீர்கள். போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நீங்கள் இருவரும் கடமையை முடித்துவிட்டுத்தான் போனீர்கள். ஆனால் வீட்டில் ஓட்டுள்ளவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆளை நீங்கள் சாமானோடு சாமானாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறீர்கள்.

"கொஞ்சம் முகம் வாடியிருந்தார்." பார்த்திருக்கிறீர்கள், அம்மா. பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. முகம் வாடியதைப் பார்த்தும் "என்னத்தை, என்னாச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

அந்தக் காரில் இன்னொருவரும் இருந்தார். உங்கள் மகள். அப்போது 17 வயது. பின் சீட்டில் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்ததை அவள் தோளோடு தோள் உரச உட்கார்ந்து பார்த்தாள். அடுத்த ஜனவரியில் அதே பாட்டி முட்டிவலியோடு குனிந்து தெருவில் புள்ளி வைத்ததையும் பார்த்தாள். நடுவில் எழுதிய வாசகத்தைப் படித்தாள். "கோலம் போட்டாச்சுல்ல, போதும்" என்று அவள் சொன்னது உங்களுக்குத் திமிராகக் கேட்கிறது. இந்த வீட்டில் இதுவரை நடந்ததை அப்படியே உங்களிடம் திருப்பிச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான். பாட்டிக்குக் கோலம் போதுமென்றால் பேத்திக்கும் போதும்தானே?

ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் எனக்கு நிறையக் கடிதம் எழுதுகிறார்கள். பிள்ளை படிக்கவில்லை, பிள்ளை பெரியவர்களை மதிக்கவில்லை, பிள்ளைக்குச் சமூக அக்கறை இல்லை. எந்தக் கடிதத்திலும் ஒரு மூலையில் இப்படி ஓர் ஆத்தூர் இருக்கும். நம் பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை என்று புலம்புகிறோம். நாம் யாரை எங்கே இறக்கிவிடாமல் போனோம் என்பதை அவர்கள் மறப்பதில்லை.

மகளிடம் சொல்ல என்னிடம் வாதம் கேட்கிறீர்கள். இருக்கிறது. 2016-ல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிவு வந்தது. 2021-ல் உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத தியாகராய நகரில் 137 ஓட்டு. உங்கள் குடியிருப்பில் மட்டும் எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் இதை அவளிடம் சொல்லாதீர்கள். எல்லாத் தொகுதியும் 49-ல் முடிவதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஒரே ஓட்டில் ஆட்சி மாறும் என்பதற்காக நாம் ஓட்டுப் போடுவதில்லை. மாவட்ட ஆட்சியருக்கும் ஒன்று, ஆத்தூர் பக்கத்து மூதாட்டிக்கும் ஒன்று. அதைப் போய் நேரில் செலுத்திவிட்டு வருவதுதான் என்னைப் பொறுத்தவரை ஊரோடு நமக்குள்ள உறவு. பெற்றவர்களுக்குச் செய்யும் கடமையைப் போல. "நான் ஒருத்தி போகாவிட்டால் கல்யாணம் நின்றுவிடுமா?" என்று கேட்டுவிட்டு எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போகாமல் இருக்கிறோமா?

உங்கள் அத்தைக்கு 77 என்கிறீர்கள். அப்போது ஓட்டுரிமைக்கு வயது 21. 18 ஆனது 1989-ல்தான். கணக்குப் பார்த்தால் அவருடைய முதல் ஓட்டு 1971 மார்ச்சாக இருக்கும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் சேர்த்துத் தமிழ்நாடு ஓட்டுப் போட்ட தேர்தல். அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு ஓட்டு நாள் என்றால் என்னவென்று நான் என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் ராத்திரி பழைய காலண்டர் தாளை எடுத்து மடித்துப் பார்ப்பார். வாக்குச்சீட்டை முதலில் நெடுக்காக மடிக்க வேண்டும், அப்புறம் குறுக்காக. மாற்றி மடித்தால் முத்திரை மை அடுத்த சின்னத்தில் ஒட்டிக்கொண்டு ஓட்டு செல்லாமல் போய்விடும். நாலாவது வரை படித்த அம்மா அதைத் தாளில் விரலால் நீவி நீவிப் பழகுவார். காலையில் தலைக்குக் குளித்து, பெட்டியின் அடியிலிருந்து சுங்குடிச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் படியிறங்குவார். வருடத்தில் வேறெந்த நாளும் அப்பாவுக்கு முன்னால் அவர் படியிறங்கி நான் பார்த்ததில்லை.

அப்படிப் பழகிய ஒருவரிடமிருந்து 2021, 2024 என்று இரண்டு தேர்தல் போயிருக்கிறது. யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதினீர்களே, உண்மைதான். விற்காமலே பறிபோயிற்று.

கடிதத்தில் உங்கள் பெயர் இருக்கிறது, மகளின் பெயர் இருக்கிறது, கணவர் வேலை செய்யும் இடம்கூட இருக்கிறது. அத்தையின் பெயர் எங்கேயும் இல்லை. 1951-52-ல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் சொன்னார்கள். அப்படியெல்லாம் பட்டியலில் ஏற்ற முடியாது, சொந்தப் பெயர் வேண்டும் என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக இருந்தார். கடைசியில் ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. ஒரு பெண் தன் பெயரால் ஓரிடத்தில் எழுதப்பட வேண்டும் என்பதற்கு இந்த நாடு அவ்வளவு பெரிய விலை கொடுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் உள்ள ஒருவரை நீங்கள் எனக்கு 'அத்தை' என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள்.

பெயர் உள்ள ஒருவர் என்று சொல்லிவிட்டேன். இன்னும் இருக்கிறதா? 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிர திருத்தம் நடந்தது. வீடு வீடாகப் படிவம் வந்தது. டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்கள், இரட்டைப் பதிவு போக, மிகப் பெரும்பகுதி முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள். ஆத்தூர் பக்கத்தில் உங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. அத்தையின் படிவத்தை யார் வாங்கினார்கள், யார் நிரப்பிக் கொடுத்தார்கள்? அதே நவம்பரில் நீங்கள் ஜனவரிக் கோலத்துக்கு எத்தனை கிலோ வண்ணப்பொடி என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்திருப்பீர்கள்.

எனவே முதலில் பாருங்கள், இன்றைக்கே. 1950 என்ற எண்ணில் கேட்கலாம், இணையத்திலும் தேடலாம். ஆறு வருடமாக உங்களோடு இருப்பவரின் பெயர் வேளச்சேரிக்கு வந்திருக்க வேண்டும்; வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால், இடம் மாற்றப் படிவம் 8. நீக்கப்பட்டிருந்தால், புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6, உறுதிமொழியோடு. தேர்தல் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், வேட்புமனு முடியும்போது பட்டியலையும் மூடிவிடுவார்கள். வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கும் வசதி 85 வயதுக்கு மேல்தான் (மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி), எனவே 77-ல் அவரை நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். ஆனால் படிவத்தைத் தொடுவதற்கு முன்னால் அவரிடம் கேளுங்கள். ஐம்பது வருடமாக ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்தை விட்டு வருவது அவருக்குச் சின்ன விஷயமாக இருக்காது. அதோடு, ஆத்தூர் விஷயத்துக்காக மன்னிப்பும் கேளுங்கள். மகள் காதில் விழும்படி கேளுங்கள்.

கோலத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. இதை மகள் விஷயத்திலிருந்து தள்ளி வைத்துச் சொல்கிறேன். தெருவில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, எதிர்வீட்டுக்காரர் முணுமுணுப்பதைச் சகித்து, ஐம்பது குழந்தைகளைக் குனிய வைத்து ஒரு காரியம் செய்வது லேசில்லை. இந்த ஊர் என்னுடையது என்று சொல்ல நமக்குக் கோலத்தைவிடப் பழகிய வழி வேறென்ன இருக்கிறது? என் குறை, உங்கள் கோலத்தில் ஊர் இல்லை என்பது. 'நூறு சதவீதம் வாக்களிப்போம்', 'வாக்கு விற்பனைக்கு அல்ல': இவை எல்லா மாவட்டத்திலும் எல்லா மகளிர் குழுவும் எழுதும் வரிகள். 2024-ல் தென்சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் 54 சதவீதத்தை ஒட்டித்தான். ஏறக்குறைய இரண்டில் ஒருவர் போகவில்லை. அவர்களில் உங்கள் தெருவில் எத்தனை பேர், ஏன் போகவில்லை? யாருக்குப் பெயர் இல்லை, யாருக்கு முட்டிவலி, யாரைக் கூட்டிப் போக ஆளில்லை? அதை எழுதுங்கள் சுவரில். வாக்குச்சாவடி எந்தப் பள்ளி, பாகம் எண் என்ன, அன்றைக்குப் பெரியவர்களை ஏற்றிப் போக யார் யார் வண்டி தருகிறார்கள் என்று வண்ணத்தில் எழுதுங்கள். குழந்தைகளை அவரவர் தாத்தா பாட்டியிடம் முதல் ஓட்டைப் பற்றிக் கேட்டு அதை வரையச் சொல்லுங்கள். பத்துக் குழந்தை கேட்டு வந்தால் பத்துக் கதை வரும், எல்லாம் வெவ்வேறு ஊர். மை வைத்த விரலை வரைவதற்குப் பதிலாக அதை வரையலாம். அந்த மை சில்வர் நைட்ரேட் கலந்தது, 1962 முதல் மைசூரில்தான் தயாராகிறது, தோலில் பட்டு வெளிச்சத்தில் கறுக்கும். உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது ஊதா பெயின்ட்.

மகளிடம் எதையும் விளக்காதீர்கள். இனி ஓட்டு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். பாட்டிக்குப் படிவம் நிரப்பிக் கொடு, எனக்குக் கண்ணாடி போட்டும் எழுத்து தெரியவில்லை என்று பாட்டியையே கேட்கச் சொல்லுங்கள். பெயர், பிறந்த தேதி, பழைய முகவரி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவள் எழுதட்டும். நீங்கள் அந்த நேரத்தில் அடுக்களைக்குப் போய்விடுங்கள். கைபேசி எண் கேட்கும் கட்டத்தில் உங்கள் எண் வேண்டாம், மகளின் எண்ணை எழுதட்டும். பாட்டியின் பெயர் ஏறிவிட்டது என்ற தகவல் அவளுக்கு வரட்டும். அவள் தனக்கும் ஒரு படிவம் 6 எடுக்கிறாளா என்று எட்டிப் பார்க்காதீர்கள்.